வயதான ஆக்‌ஷன் நாயகர்கள் திரும்ப வரும் பாகங்கள்: எது தேறுகிறது, எது சறுக்குகிறது?

மேட்னிஷோ:

ஹாரிசன் ஃபோர்டு 1942-ல் பிறந்தவர். இண்டியானா ஜோன்ஸ் ஐந்தாம் பாகம் 2023 ஜூன் கடைசியில் வெளிவந்தபோது அவருக்கு 81-ஐத் தொட இரண்டு வாரம்தான் பாக்கி. ஸ்டலோன் 60 வயதில் ராக்கியாகவும் 73 வயதில் ராம்போவாகவும் திரும்பினார். அர்னால்ட் 72-ல் டெர்மினேட்டர். டாம் க்ரூஸ் 62-லும் 'மிஷன் இம்பாசிபிள்' நாயகன் ஈதன் ஹன்ட். ஹாலிவுட்டில் இது வழக்கமே ஆகிவிட்டது. அதனால் "இந்த வயசுல இது தேவையா" என்ற பேச்சை ஒதுக்கிவிட்டு, எந்தப் படம் ஏன் தேறியது என்று பேசலாம்.

என் கட்சி இது. நாயகனுக்கு வயதாகிவிட்டது என்று வசனத்தில் சொல்வது சுலபம், எல்லாப் படத்திலும் சொல்கிறார்கள். அடுத்த காட்சியிலேயே அதே ஆள் முப்பது வயதுக்காரன் மாதிரி பத்துப் பேரைப் புரட்டி எடுக்கிறார். வயது சண்டைக்குள் வரவேண்டும். எப்படி அடிக்கிறார், எப்படி விழுகிறார், எதைச் செய்யாமல் தவிர்க்கிறார் என்பதில் தெரியவேண்டும்.

இதற்கு நான் பார்த்ததிலேயே சிறந்தது 2006-ல் வந்த குத்துச்சண்டைப் படம் 'ராக்கி பல்போவா'. பயிற்சி தொடங்குமுன் பயிற்சியாளர் டியூக் வந்து ராக்கியின் உடம்பைக் கணக்குப் பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. வேகம் போய்விட்டது. முழங்கால் தாங்காது, அதனால் கடும் ஓட்டம் கிடையாது. கழுத்தில் மூட்டுவாதம், மூட்டுகளில் கால்சியம் படிந்திருக்கிறது, அதனால் பயிற்சிச் சண்டையும் கிடையாது. ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு மிச்சம் என்ன என்று பார்த்தால் முரட்டு பலம் ஒன்றுதான். சரி, அதை வைத்தே சண்டை போடுவோம் என்று முடிவெடுக்கிறார்கள். அதற்குப் பிறகு வரும் பயிற்சி முழுக்கக் கனமான எடை தூக்குவதுதான். கடைசிச் சண்டையில் ராக்கி எதிராளியைத் துரத்துவதில்லை. வாங்கிக்கொண்டே நெருங்கி, உடம்பில் இறக்குகிறார். அந்த நாலு வரி வசனம் இல்லை என்றால் கடைசி இருபது நிமிடத்தை யாரும் நம்பியிருக்க மாட்டோம். எதிரே நிற்பது நிஜமான உலகச் சாம்பியன் அன்டோனியோ டார்வர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கார்னர்ஸ்டூல்:

குத்துச்சண்டை பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று. அந்தக் கதையை வெறும் கற்பனை என்று பலர் ஒதுக்குகிறார்கள். 1994 நவம்பரில் 45 வயது ஜார்ஜ் ஃபோர்மன் 26 வயது மைக்கேல் மூரரை எப்படி வென்றார் என்று பாருங்கள். ஒன்பது சுற்றுவரை மூன்று நடுவர்களின் கணக்கிலும் ஃபோர்மன் பின்தங்கித்தான் இருந்தார். கால் நகரவில்லை. முகத்தில் வாங்கிக்கொண்டே இருந்தார். பத்தாவது சுற்றில் ஒரு வலது கைக் குத்து, முடிந்தது. குத்துச்சண்டையில் வேகம் முதலில் போகும், பலம் கடைசியில்தான் போகும் என்பார்கள். ஸ்டலோனுக்கு அது தெரிந்திருக்கிறது. அவர் படத்தில் ராக்கி ஜெயிப்பதுகூட இல்லை, நடுவர் கணக்கில் தோற்கிறார். அதுதான் சரியும்.

பால்கனி டிக்கெட்:

மேட்னிஷோ அண்ணா, இதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். நமக்கு வாழ்க்கையில் முடியாததைத் திரையில் ஒருத்தர் செய்வதைப் பார்க்கத்தானே டிக்கெட் எடுக்கிறோம்? மூட்டுவலியை வீட்டிலேயே அப்பாவிடம் பார்க்கிறேன். 'டாப் கன் மேவரிக்' 2022-ல் கிட்டத்தட்ட 150 கோடி டாலர் வசூல் செய்தது. முதல் படத்துக்கும் இதற்கும் 36 வருட இடைவெளி. அதில் டாம் க்ரூஸ் எங்கே தளர்ந்தார்? கடற்கரையில் சட்டையைக் கழற்றி இளவட்டங்களோடு பந்து விளையாடுகிறார். ஜனம் கொண்டாடியதே! தளராத ஆளைப் பார்ப்பதும் ஒரு சந்தோஷம்தான். அதைக் குறைத்துப் பேசாதீர்கள்.

மேட்னிஷோ:

தம்பி, நல்ல இடத்தைப் பிடித்தாய். ஆனால் மேவரிக்கில் சண்டை எங்கே நடக்கிறது? விமானி இருக்கையில். அங்கே முழங்கால் வேலை செய்யத் தேவையில்லை. கணிப்பும் அனுபவமும் போதும். வயதானவன் இளையவர்களை ஜெயிக்கக்கூடிய களத்தைத்தான் கதை தேர்ந்தெடுத்திருக்கிறது.

இன்னொன்று, வயதின் மொத்த பாரத்தையும் அந்தப் படம் வேறொருவர் தோளில் ஏற்றியிருக்கிறது. வால் கில்மர். தொண்டைப் புற்றுநோயால் நிஜத்திலேயே குரல் போனவர். முதல் படத்தில் மேவரிக்கின் போட்டியாளராக இருந்த ஐஸ்மேனாக அவர் மேவரிக்கோடு பேசும் காட்சியில் முதலில் கணினியில் தட்டச்சு செய்துதான் பதில் சொல்கிறார். அப்புறம் எழுந்து நின்று, கரகரத்த குரலில் ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறார். 1986-ல் திமிராக நின்ற அதே ஆள். கில்மர் 2025 ஏப்ரலில் இறந்துவிட்டார். அந்தக் காட்சி இல்லாமல் அந்த வசூல் வந்திருக்குமோ என்னவோ, அந்த மரியாதை வந்திருக்காது.

தசைநார்:

நான் பிசியோதெரபிஸ்ட். உடம்பு விஷயம் பேசுவதால் உள்ளே வருகிறேன்.

முப்பதுகளுக்குப் பிறகு தசை பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம்வரை குறைகிறது, அறுபதுக்குமேல் இன்னும் வேகமாக. அதில் முதலில் அடிபடுவது சட்டென்று வெடித்துக் கிளம்பும் தசைநார்கள்தான். எடை தூக்கும் பலத்தைப் பயிற்சியால் ரொம்ப நாள் காப்பாற்றலாம். பாய்வது, சட்டென்று திசை மாறுவது, குதித்துத் தரையிறங்குவது, இதெல்லாம் சீக்கிரம் கைவிட்டுப் போகும். 60 வயது ராக்கி எடை தூக்குகிறார், ஓடவில்லை என்பது என் பாடப்புத்தகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

டாம் க்ரூஸ் விஷயத்தில் நான் கவலைப்படுவது வேறு. 2017 ஆகஸ்டில் லண்டனில் 'மிஷன் இம்பாசிபிள்: ஃபால்அவுட்' படப்பிடிப்பில் ஒரு கட்டடத்திலிருந்து அடுத்த கட்டடத்துக்குத் தாவினார். பாதம் சுவரில் மோதிக் கணுக்கால் உடைந்தது. அப்போது வயது 55. உடைந்த காலோடு மேலே ஏறி, நொண்டிக்கொண்டே கேமராவைத் தாண்டி ஓடினார். படத்தில் இருப்பது அதே ஷாட். திரும்பத் திரும்பப் பாருங்கள், பாதம் மடங்குவது தெரியும். மக்கள் அதை வீரம் என்று கொண்டாடுகிறார்கள். கணுக்கால் உடைந்து வருகிற ஐம்பது வயதுக்காரர்களை நான் தினம் பார்க்கிறேன். படியிறங்கும்போது கைப்பிடியை விடமாட்டார்கள், நடை மாறிப்போகும். க்ரூஸுக்கு இருந்த வசதியும் நேரமும் அவர்களுக்கு இல்லை. "அவரால முடியுது, உங்களால முடியாதா" என்று அப்பாவிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

வெட்டுமேசை:

எடிட்டிங் பக்கம் இருந்து பேசுகிறேன். வயதை மறைக்கும் முதல் ஆயுதம் எங்கள் கையில்தான் இருக்கிறது, அது பெரும்பாலும் தவறாகப் பயன்படுகிறது.

'டேக்கன்' மூன்றாம் பாகத்தில் லியாம் நீசன் ஒரு கம்பி வேலியைத் தாண்டுவார். சில நொடி விஷயம். அதற்குள் பத்துக்கு மேற்பட்ட கட். கை, கால், முகம், வேலி, மறுபடி கை. ஒரு ஆள் வேலி தாண்டினார் என்பதே மனதில் பதியாது. படபடப்பு ஏற்றுவதற்காக அப்படி வெட்டினோம் என்று சொல்லலாம். பார்க்கிறவனுக்கு எதையோ மறைக்கிறார்கள் என்பதுதான் தெரிகிறது.

அதற்கு நேர் எதிர் ஜான் விக். கேமரா தள்ளி நிற்கும், உடம்பு தலையிலிருந்து கால்வரை தெரியும், கட் குறைவு. இயக்குநர் சாட் ஸ்டஹெல்ஸ்கி 'மேட்ரிக்ஸ்' காலத்தில் கியானு ரீவ்ஸுக்கு டூப் போட்டவர். கியானுவுக்கு எது வரும், எது வராது என்று அவருக்கு அத்துப்படி. அதனால் உதைப்பது, பாய்வது எல்லாவற்றையும் குறைத்து, ஜூடோ, ஜியு-ஜிட்சு மாதிரி பிடித்துச் சாய்க்கிற வேலையை நிறைய வைத்திருக்கிறார். 58 வயதில் நாலாம் பாகத்தில் கியானு மெதுவாகத்தான் நகர்கிறார். அது களைத்துப்போன ஒரு கொலைகாரனின் நடையாகவே படிகிறது.

முகத்தை இளமையாக்குகிற தொழில்நுட்பம் பற்றியும் சொல்லவேண்டும். இண்டியானா ஜோன்ஸ் ஐந்தில் தொடக்கம் 1944-ல் நடக்கிறது, இளமையான ஃபோர்டு. முகம் பெரும்பாலும் தேறிவிட்டது. பழைய படங்களில் இருந்த அவருடைய காட்சிகளையே சேகரித்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் வாயைத் திறந்தால் வருவது எண்பது வயதுக் குரல். கண்ணை மூடிக் கேட்டால் போதும், மாயம் கலைந்துவிடும். 'ஐரிஷ்மேன்' படத்தில் ராபர்ட் டி நீரோ மளிகைக்கடைக்காரரைத் தெருவில் போட்டு உதைக்கும் காட்சியிலும் இதே கதை. முகம் நடுத்தர வயது. உதைக்கிற கால் எழுபதைத் தாண்டியது. தோள் குனிந்திருக்கிறது, சமநிலை தடுமாறுகிறது. உடம்பின் நடையைத் திருத்த இன்னும் வழி வரவில்லை.

மேட்னிஷோ:

வெட்டுமேசை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அதே ஐந்தாம் பாகத்தில் எனக்குப் பிடித்த இடம் இளமையான முகம் இல்லை. சிசிலியில் குகைக்குள் பாறையைப் பிடித்து ஏறும் இடம். அவருடைய ஞானமகள் ஹெலினா விறுவிறுவென்று ஏறுகிறாள். இண்டி பாதியில் நின்று மூச்சுவாங்கிக்கொண்டு புலம்புகிறார். நொறுங்குகிற தோளும் முதுகெலும்பும், காலில் வைத்த தகடு, காளியின் ரத்தத்தைக் குடிக்கவைத்தது, ஒன்பது முறை சுடப்பட்டது என்று அடுக்கிக்கொண்டே போகிறார். பழைய படங்களில் நாம் கைதட்டிப் பார்த்த அத்தனை சாகசமும் அந்த உடம்பில் வந்து சேர்ந்திருக்கிறது. படம் முழுக்க அந்தச் சுருதியில் போயிருக்கலாம். தொடர்ந்து வரும் துரத்தல்களில் அதை மறந்துவிடுகிறார்கள்.

கடைசிவரிசை:

டை ஹார்ட் பற்றி யாரும் பேசவில்லையே?

1988-ல் வந்த முதல் படத்தில் ஜான் மெக்ளேன் வெறுங்காலோடு கண்ணாடிச் சில்லுகள் மேல் நடந்துவிட்டு, குளியலறையில் உட்கார்ந்து பாதத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். எவ்வளவு வலி, எவ்வளவு பயம்! அந்த ஆளை நாம் நேசித்ததே அவருக்கு அடிபடும் என்பதால்தான். 2007-ல் நாலாம் பாகத்தில் அதே ஆள் போர்விமானத்தின் முதுகில் விழுந்து சறுக்கி எழுந்து வருகிறார். 2013-ல் மாஸ்கோவில் நடக்கும் ஐந்தாம் பாகத்தில் ஜன்னலை உடைத்துக்கொண்டு மாடிமாடியாக விழுகிறார், ஒன்றும் ஆகவில்லை. வயது ஏற ஏற அடி குறைகிறது. தலைகீழ் கணக்கு. மேட்னிஷோ சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

புரூஸ் வில்லிஸ் பேச்சிழப்பு நோயால் 2022-ல் நடிப்பதை நிறுத்திவிட்டார். அடுத்த வருடம் மூளைத்தேய்வு நோய் என்று குடும்பம் அறிவித்தது. இப்போது அந்தக் குளியலறைக் காட்சியைப் பார்க்க எனக்கு நெஞ்சு கனக்கிறது.

பால்கனி டிக்கெட்:

கடைசிவரிசை, இந்தக் கணக்கை நான் யோசித்ததே இல்லை. ஆனாலும் கேட்கிறேன், இவ்வளவு சிரமப்பட்டு ஏன் பழையவரையே கூப்பிடுகிறார்கள்? புதியவரைப் போட்டால் என்ன?

டிக்கெட் கவுன்டர்:

போட்டுப் பார்த்தார்கள். 2018-ல் ஹான் சோலோவின் இளமைக்காலம் என்று தனிப்படம். ஆல்டன் எஹ்ரன்ரைக் நன்றாகவே நடித்தார். ஸ்டார் வார்ஸ் வரிசையில் நஷ்டக்கணக்கு எழுதிய முதல் படம் அதுதான். ஜனம் தேடிப்போனது ஹாரிசன் ஃபோர்டை. அதற்கு மூன்று வருடத்துக்கு முன்னால் 'ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படத்தில் அவரே ஹான் சோலோவாக வந்து 200 கோடி டாலருக்கு மேல் வசூலானது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஸ்டூடியோக்காரன் என்ன முடிவெடுப்பான்?

ஆனால் பெயர் மட்டும் இருந்தாலும் ஓடாது. டெர்மினேட்டர் 2019-ல் அர்னால்ட், லிண்டா ஹாமில்டன், தயாரிப்பில் ஜேம்ஸ் கேமரூன் எல்லோரும் திரும்பி வந்தும் விழுந்தது. எண்பது வயது நாயகனுக்குக் காப்பீடு, நாள்கணக்கில் தாமதம், இளமை முகத்துக்கான கணினி வேலை என்று செலவும் ஏறிவிடுகிறது. இண்டியானா ஜோன்ஸ் ஐந்துக்கு அதுதான் நடந்தது.

வசந்தமாளிகை தெரு:

கவனித்தீர்களா, இதுவரை எல்லோரும் ஆண்களைப் பற்றியே பேசியிருக்கிறோம். லிண்டா ஹாமில்டன் பெயர்கூட ஒரு பட்டியலில்தான் வந்தது. 63 வயதில், 28 வருட இடைவெளிக்குப் பிறகு டெர்மினேட்டர் நாயகி சாரா கானராகத் திரும்பினார். சுருக்கத்தை மறைக்கவில்லை, நரையை மறைக்கவில்லை. அந்தப் படம் விழுந்ததற்கு அவர் காரணமே இல்லை. நெடுஞ்சாலையில் காரிலிருந்து இறங்கித் துப்பாக்கியை எடுக்கும் அந்த அறிமுகக் காட்சி ஒன்றுக்காகவே நான் இரண்டுமுறை பார்த்தேன்.

2018 'ஹாலோவீன்' படத்தில் ஜேமி லீ கர்டிஸ். அது திகில் வரிசைதான், ஆனாலும் மேட்னிஷோ அண்ணா கேட்கிற இலக்கணத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் இல்லை. 1978-ல் தப்பித்து ஓடிய பெண் நாற்பது வருடம் கழித்துப் பாட்டியாக நிற்கிறாள். ஓடமுடியாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் வீட்டையே பொறியாகக் கட்டி வைத்திருக்கிறாள். கொலைகாரன் வீட்டுக்குள் வந்த பிறகு ஒவ்வொரு அறையாகக் கதவடைத்துக்கொண்டே போகும் நிதானம் இளமையில் வராது.

இப்போது 'டாப் கன்' பக்கம் வாருங்கள். வால் கில்மரைக் கூப்பிட்டார்கள், மனமார வரவேற்கிறேன். முதல் படத்தின் நாயகி கெல்லி மெக்கில்லிஸை யாரும் கேட்கவே இல்லை, அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அவர் க்ரூஸைவிட ஐந்து வயது மூத்தவர். இரண்டாம் படத்து நாயகி ஜெனிஃபர் கானலி க்ரூஸைவிட எட்டு வயது இளையவர். நாயகனுக்கு 60 ஆகலாம், அவரோடு இளமையில் காதலித்தவளுக்கு ஆகக்கூடாது. கேரன் ஆலனை இண்டியானா ஜோன்ஸில் நாலிலும் ஐந்திலும் திரும்ப அழைத்தார்கள் என்பதற்காக அந்தக் குழுவை நான் மதிக்கிறேன்.

மேட்னிஷோ:

வசந்தமாளிகை அக்கா, முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஹாலோவீன் உதாரணம் அருமை.

கொட்டகைக்காரன்:

இது புதிய நோய் என்று நினைக்கிறீர்கள். 1983-ஐப் பாருங்கள். ஒரே வருடத்தில் இரண்டு ஜேம்ஸ் பாண்டு. 'ஆக்டோபுஸி'யில் ரோஜர் மூர், வயது 55. நம்ம சென்னை விஜய் அமிர்தராஜ் உதய்ப்பூரில் டென்னிஸ் மட்டையை வைத்து அடியாட்களை விரட்டுவாரே, அதே படம். இன்னொரு கம்பெனி 12 வருடம் பாண்டு வேடத்திலிருந்து ஒதுங்கியிருந்த ஷான் கானரியை 'நெவர் ஸே நெவர் அகெய்ன்' படத்தில் கொண்டுவந்தது. "பழைய" பாண்டு கானரி, "புதிய" பாண்டு மூரைவிட மூன்று வயது இளையவர்!

கானரி படம் தொடக்கத்திலேயே வயதைப் பிடித்துவிடுகிறது. உடம்பு சரியில்லை என்று மேலதிகாரி அவரை ஆரோக்கிய விடுதிக்கு அனுப்பிவைக்கிறார். மூர் 1985-ல் 57 வயதில் 'எ வியூ டு எ கில்' நடித்தபோது கதையில் அப்படி ஒரு வரிகூட இல்லை. சண்டை வந்தால் டூப்பின் முதுகு தெரியும், முடிந்ததும் மூரின் முகம் தெரியும். தனக்கு வயதாகிவிட்டிருந்தது என்று அவரே பிற்பாடு ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

சிலம்பாட்டம்:

ஜாக்கி சான் ரசிகன் பேசலாமா?

2010-ல் வந்த 'கராத்தே கிட்' படத்தில் அவருக்கு 56 வயது. சிறுவனை அடிக்கும் ஆறு பையன்களிடமிருந்து அவனைக் காப்பாற்றுகிறார். அந்தச் சண்டையைக் கூர்ந்து பாருங்கள், அவர் யாரையும் குத்துவதில்லை. ஒருவன் வீசிய கையைத் திருப்பி அடுத்தவன் மேல் விடுகிறார். ஒருவனின் சட்டையை உருவி அதிலேயே இன்னொருவனைக் கட்டுகிறார். பெரியவர் சிறுவர்களை அடிக்கக்கூடாது என்ற அறமும் அங்கே இருக்கிறது, குதிக்கமுடியாத உடம்புக்கு ஏற்ற வேலையும் அதிலேயே இருக்கிறது. இளமையில் மணிக்கூண்டிலிருந்து விழுந்த அதே ஜாக்கிதான். சிலம்பத்தில் எங்கள் வாத்தியாரும் இப்படித்தான், எழுபதுக்கு மேல் அவர் கம்பு அரை வட்டம்தான் சுற்றும், ஆனால் உள்ளே போகமுடியாது.

பால்கனி டிக்கெட்:

அப்படியானால் சேனாபதி தாத்தா? 1996-ல் கமல் 41 வயதில் ஒப்பனை போட்டுக் கிழவரானார். 2024-ல் அவருக்கே 69. ஆனால் கதைப்படி சேனாபதிக்கு நூறைத் தாண்டிவிட்டது.

மேட்னிஷோ:

அதுதான் வினோதம். முதல் 'இந்தியன்' படத்தில் நிஜ வயது குறைவு, ஆனால் சேனாபதியின் அடி ரொம்பக் கச்சிதம். இரண்டு விரல், ஒரு வர்மப்புள்ளி, ஆள் சுருண்டுவிடுவான். கிழவர் ஏன் ஓடவேண்டும்? இரண்டாம் பாகத்தில் அவரை ஓடவும் துரத்தவும் வைத்துவிட்டார்கள். வர்மம் இருக்கிறது, ஆனால் அந்தச் சிக்கனம் போய்விட்டது. நடிகரின் வயது சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தபோது சண்டை அதைவிட்டு ஓடிவிட்டது.

வெட்டுமேசை:

டூப் பற்றிக் கொட்டகைக்காரன் சொன்னதில் ஒரு திருத்தம் வேண்டும். டூப் தெரிவது படமெடுத்தவர்களின் குறை. டூப் போடுவதே குறை ஆகாது. ஃபோர்டுக்கு 40 வயதுதான், 1983-ல் 'டெம்பிள் ஆஃப் டூம்' படப்பிடிப்பில் முதுகுத்தட்டு விலகிச் சிகிச்சைக்காக லாஸ் ஏஞ்சல்ஸ் போய்விட்டார். அவர் இல்லாத நாட்களில் சண்டைக்காட்சிகளை விக் ஆம்ஸ்ட்ராங் என்ற டூப் தாங்கினார். உருவம் அவ்வளவு ஒத்துப்போகும். ஜான் விக் நாலாம் பாகத்தில் பாரிஸ் தேவாலயத்துப் படிக்கட்டில், 222 படி, மேலிருந்து கீழ்வரை உருண்டது வின்சென்ட் பூயோன். கியானு அதை மறைக்கவில்லை. "எல்லாவற்றையும் நானே செய்தேன்" என்று விளம்பரம் செய்கிற நாயகர்களைவிட இது எனக்கு உயர்வாகப் படுகிறது.

தசைநார்:

இதற்காகவே உங்களுக்கு நன்றி. 2014-ல் ஸ்டார் வார்ஸ் படப்பிடிப்பில் ஃபோர்டின் காலை உடைத்தது சண்டைகூட இல்லை, விண்கலத்தின் ஹைட்ராலிக் கதவு. 71 வயது. தயாரிப்பு நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 16 லட்சம் பவுண்டு அபராதம் கட்டியது. வயதான உடம்பை வேலைக்கு அழைத்தால் செட்டைத்தான் முதலில் மாற்றவேண்டும்.

வெட்டுமேசை:

ஆமாம் அக்கா. ஒரு நல்ல சேதியும் உண்டு. ஸ்டன்ட் வடிவமைப்புக்கு ஆஸ்கர் தருவதாக அகாடமி 2025 ஏப்ரலில் அறிவித்துவிட்டது. 2027-ல் வெளியாகும் படங்களுக்கு, 2028 விழாவில் முதல் விருது. எண்பது வயது நாயகனின் உடம்புக்கு ஏற்ற சண்டையை யோசித்துக் கொடுக்கிற ஸ்டன்ட் மாஸ்டர் இனி மேடையேறலாம். எங்கள் சங்கத்து நண்பர்கள் பல வருடமாகக் கேட்டது இது.

கார்னர்ஸ்டூல்:

அப்படியானால் 2006-ல் இந்த விருது இருந்திருந்தால் என் ஓட்டு ராக்கி பல்போவாவுக்குத்தான். அந்தக் கடைசிச் சண்டையில் ராக்கி ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் நடுவில் மூச்சு எடுக்கிற நேரத்தைக் கவனித்துப் பாருங்கள். மூன்றாம் சுற்றுக்குப் பிறகு அது நீண்டுகொண்டே போகும்.